பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் புது அலை: எந்த ஆல்பத்துல ஆரம்பிச்சு எப்படிக் கேக்கணும், முழு வழிகாட்டி

மெட்டல் கேக்குற பசங்க கிட்ட 1979-83 இங்கிலாந்து பத்திப் பேசினா ரெண்டு பதில் தான் வரும். ஒண்ணு, "ஐயன் மெய்டன் தெரியும்ணா". ரெண்டாவது, "மெட்டாலிக்கா கவர் பண்ண பாட்டெல்லாம் அங்க இருந்து வந்தது தானே". ரெண்டும் சரி தான், ஆனா அதோட நிறுத்திடுறாங்க, ஏன்னா நெட்ல தேடினா ஐம்பது ஆல்பம் லிஸ்ட் ஒண்ணு வந்து விழும், அதுல பாதி பேர் வாய்லயே நுழையாது, முதல் மூணு கேட்டுட்டு "எல்லாம் ஒரே மாதிரி இருக்கே"ன்னு மூடிட்டுப் போயிடுவாங்க. நானும் அப்படி ஒரு தடவை மூடிட்டுப் போனவன் தான். வரிசை தப்பா இருந்தா இந்த அலை பிடிபடாது, அதனால வரிசையைச் சொல்றேன்.

ஒரு விஷயம் முதல்லயே சொல்லிடறேன், இது என் கட்சி: இந்த அலையோட உயிர் அவசரத்துல இருக்கு. காசு இல்ல, ஸ்டுடியோல நாள் இல்ல, கம்பெனி இல்ல, கையில இருக்குற பாட்டை டக்குன்னு டேப்ல ஏத்திட்டு ஓடணும். அந்தப் பதட்டம் ரெக்கார்டிங்ல கேக்கும். காசு வந்ததும் பல பேண்டுக்கு அது போயிடுச்சு. அதனால எந்த பேண்டா இருந்தாலும் முதல் ஒண்ணு ரெண்டு ஆல்பத்துலயே தேடுங்க.

முன்னாடி கொஞ்சம் கதை

1979 மே 8, லண்டன் கேம்டன் பக்கம் மியூசிக் மெஷின்னு ஒரு ஹால். ஏஞ்சல் விட்ச், ஐயன் மெய்டன், சாம்சன், மூணு பேண்டும் ஒரே ராத்திரி. அஞ்சு நாள் முன்னாடி தான் தேர்தல் நடந்து தாட்சர் ஜெயிச்சிருந்தாங்க. அந்தக் குளிர்காலம் முழுக்க வேலைநிறுத்தம், குப்பை கூட தெருவுல மலை மாதிரி கிடந்த காலம். பங்க் தான் அப்போ ஃபேஷன், நீள முடி வெச்சு ஹெவி மெட்டல் வாசிக்கிறவனைப் பாத்தா பத்திரிகைக்காரங்க சிரிப்பாங்க. அந்த நிகழ்ச்சியைப் பத்தி சவுண்ட்ஸ் வாரப் பத்திரிகையில ஜெஃப் பார்ட்டன் எழுதினப்போ தான் 'நியூ வேவ் ஆஃப் பிரிட்டிஷ் ஹெவி மெட்டல்'ங்கிற பேர் அச்சுல வந்துச்சு. பேரை யோசிச்சது எடிட்டர் ஆலன் லூயிஸ்னு சொல்லுவாங்க.

இன்னொரு இடமும் முக்கியம். லண்டன் கிங்ஸ்பரில ஒரு பப்போட ஒட்டின ஹால்ல நீல் கேன்னு ஒரு டிஜே ஹெவி மெட்டல் மட்டுமே போடுவார், பேர் பேண்ட்வேகன் சவுண்ட்ஹவுஸ். வர்ற பசங்க ஹார்ட்போர்டுல கிட்டார் மாதிரி வெட்டி எடுத்துட்டு வந்து ஸ்பீக்கர் முன்னாடி நின்னு வாசிக்கிற மாதிரி ஆட்டம் போடுவாங்க. சிரிப்பா இருக்கும், ஆனா அங்க பசங்க கேட்டு வாங்குற பாட்டை வெச்சு ஒரு சார்ட் போட்டாங்க, அது சவுண்ட்ஸ்ல அச்சாகும், அந்த சார்ட்ல மெய்டனோட டெமோ பாட்டு ஒண்ணு முதல் இடத்துக்கே போச்சு. கம்பெனி ஒப்பந்தம் கையில இல்லாத நேரத்துல!

ஸ்டெப் 0: எந்த வெர்ஷன்னு பாருங்க

இதைத் தாண்டிப் போயிடாதீங்க, இதுல தான் பல பேர் வழுக்குறாங்க. இந்த பேண்டுகள்ல நிறைய பேர் பின்னாடி வயசான பிறகு பழைய பாட்டையே திரும்ப ரெக்கார்ட் பண்ணி வெளியிட்டிருக்காங்க. ஸ்ட்ரீமிங் ஆப்ல தேடினா சில நேரம் அது தான் மேல வந்து நிக்கும். நான் ஒரு தடவை ஆன்லைன்ல ஒரு கடையில பழைய சிடின்னு நம்பி வாங்கி, வீட்டுக்கு வந்து போட்டா டிரம்ஸ் சவுண்டு பிளாஸ்டிக் பக்கெட்டைத் தட்டுற மாதிரி இருக்கு, அட்டையைத் திருப்பிப் பாத்தா கீழ எறும்பு சைஸ்ல 'புதிய பதிவு'ன்னு போட்டிருக்கான். ரிட்டர்ன் எடுக்கல. அதனால வருஷத்தைப் பாருங்க, பாடகர் யாருன்னு பாருங்க, டயமண்ட் ஹெட் முதல் ஆல்பத்துக்கு 2020-ல ஒரு மறுபதிவு இருக்கு, தலைப்புலயே 2020ன்னு இருக்கும், அதை முதல்ல கேக்காதீங்க.

மெய்டன் முதல் ஆல்பத்துல ஒரிஜினல் இங்கிலாந்து எல்.பில (பழைய ரெக்கார்டு தட்டு) எட்டுப் பாட்டு. ரெண்டாவது பாட்டா 'சாங்ச்சுவரி' இருந்தா அது 1998 சிடி வரிசை. நல்ல பாட்டு தான், ஆனா தனி சிங்கிளா வந்தது, அங்க வந்து உக்காந்ததும் ஆல்பத்தோட ஓட்டம் மாறிடும். அதை ஸ்கிப் பண்ணிட்டுக் கேளுங்க.

அப்புறம் இக்குவலைசர்ல பேஸ் பூஸ்ட் போட்டிருந்தா ஆஃப் பண்ணிடுங்க. இந்த ரெக்கார்டிங் எல்லாம் நடு அலைவரிசையில கிட்டார் நெருக்கி அடிச்சு வெச்ச சவுண்டு, பேஸ் ஏத்தினா எல்லாம் கொழகொழன்னு ஆயிடும். ஷஃபிளும் வேண்டாம். எல்.பி காலத்து ஆல்பம், ஒரு பக்கம் இருபது நிமிஷம், மூச்சு விட்டுட்டு அடுத்த பக்கம், அப்படித் தான் வரிசைப்படுத்தியிருப்பாங்க.

ஸ்டெப் 1: ஐயன் மெய்டன், 'ஐயன் மெய்டன்' (1980)

ஆமா, தெரிஞ்ச பேர்ல தான் ஆரம்பிக்கணும், ஆனா 'தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்' இல்ல. அது 1982, பாடகர் புரூஸ் டிக்கின்சன், இங்கிலாந்துல நம்பர் ஒன் போன ஆல்பம், அரண்மனை மாதிரி கட்டினது. நமக்கு இப்போ வேண்டியது தெருமுனை. முதல் ஆல்பத்துல பாடுறது பால் டியான்னோ, குரல்ல கொஞ்சம் ரவுடித்தனம், பக்கத்துத் தெரு அண்ணன் சண்டைக்குக் கூப்பிடுற மாதிரி இருக்கும். வெளிவந்தது ஏப்ரல் 1980, நேரா சார்ட்ல நாலாவது இடம். பேஸ் வாசிக்கிற ஸ்டீவ் ஹாரிசுக்கு வில் மலோன் பண்ண புரொடக்ஷன் பிடிக்கவே பிடிக்கல, பல தடவை சொல்லியிருக்காரு. எனக்கு அது தான் பிடிக்கும். அந்தக் காஞ்ச சவுண்டுக்கு ஒரு அழகு இருக்கு.

இதுல 'ஃபாண்டம் ஆஃப் தி ஓபரா'வை மட்டும் தனியா உக்காந்து கேளுங்க, ஏழு நிமிஷத்துக்கும் மேல போகும். முதல்ல கிட்டாரை விட்டுடுங்க, பேஸை மட்டும் ஃபாலோ பண்ணுங்க, ஹாரிஸ் பிக் வெச்சு வாசிக்கிறதில்ல, விரல் தான், குதிரை ஓடுற மாதிரி டகடக டகடகன்னு போயிட்டே இருக்கும். நடுவுல வேகம் குறைஞ்சு பாட்டு அப்படியே தணியும், பேஸ் ஒரு வரி ஆரம்பிக்கும், அதுமேல ஒரு கிட்டார் ஏறும், அப்புறம் இன்னொரு கிட்டார் அதே மெட்டைக் கொஞ்சம் மேல இருந்து வாசிக்கும். ரெட்டை நாயனம் மாதிரின்னு வெச்சுக்கோங்க. இந்த ரெண்டு கிட்டார் ஒத்து வாசிக்கிற வித்தையை தின் லிஸ்ஸி, விஷ்போன் ஆஷ் எல்லாம் முன்னாடியே பண்ணாங்க, ஆனா பங்க் வேகத்துல ஓடவிட்டது இங்க தான். இது காதுக்குப் பிடிபட்டுச்சுன்னா இந்த அலையில பாதி உங்களுக்குப் புரிஞ்சிடுச்சு.

இது பிடிச்சுதுன்னா 1981-ல வந்த 'கில்லர்ஸ்'. டியான்னோ இருக்காரு, கிட்டாரிஸ்ட் ஏட்ரியன் ஸ்மித் சேந்துட்டாரு, மார்ட்டின் பிர்ச் புரொட்யூசர், சவுண்டு தடிப்பா இருக்கும். ரெண்டுல எதுன்னு கேட்டா நான் முதல் ஆல்பம் தான்.

ஸ்டெப் 2: சாக்சன், 'வீல்ஸ் ஆஃப் ஸ்டீல்' (1980)

மெய்டன் கதை சொல்லும், பேய் வரும். சாக்சன் அப்படி இல்ல. பைக், லாரி, ரயில், ரோடு. பார்ன்ஸ்லி ஊர்க்காரங்க, யார்க்ஷயர் நிலக்கரிச் சுரங்க ஊரு, பாடகர் பிஃப் பைஃபோர்டே சின்ன வயசுல சுரங்கத்துல வேலை பாத்தவர் தான். இது அவங்களுக்கு ரெண்டாவது ஆல்பம், முதல் ஆல்பத்துல எந்தப் பக்கம் போறதுன்னே அவங்களுக்குத் தெரியல, இதுல தெரிஞ்சிடுச்சு. சார்ட்ல அஞ்சாவது இடம் வரை போச்சு.

முதல் பாட்டுலயே வண்டி கிளம்பிடும். ஆனா நிக்க வேண்டிய இடம் '747'. 1965 நவம்பர்ல நியூயார்க் முழுக்க கரண்ட் போச்சே, அன்னைக்கு ராத்திரி கீழ விளக்கே இல்லாம, இறங்க இடம் தெரியாம மேல சுத்துற விமானத்தைப் பத்தின பாட்டு. இப்படி ஒரு விஷயத்தை எடுத்து, அதுக்கு ஊரே கூடிப் பாடுற மாதிரி ஒரு கோரஸ் போட்டு, கேக்குறவனுக்கு ஏன்னு தெரியாமலே தொண்டை அடைக்கும். அதே வருஷமே 'ஸ்ட்ராங் ஆர்ம் ஆஃப் தி லா'ன்னு அடுத்த ஆல்பத்தையும் இறக்கிட்டாங்க, ஒரு வருஷத்துல ரெண்டு! 1981-ல 'டெனிம் அண்ட் லெதர்'. அதுல 'பிரின்சஸ் ஆஃப் தி நைட்' காதலியைப் பத்தின பாட்டுன்னு ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தேன், அது நீராவி ரயில் எஞ்சினைப் பத்தினது. மூணும் நல்லா இருக்கும், வேலைக்குப் போற வழியில கேக்க இதை அடிச்சுக்க ஆள் இல்ல.

ஸ்டெப் 3: டயமண்ட் ஹெட், 'லைட்னிங் டு தி நேஷன்ஸ்' (1980)

இங்க தான் கொஞ்சம் நேரம் ஒதுக்கணும். ஸ்டவர்பிரிட்ஜ்னு மிட்லண்ட்ஸ் பக்கம் ஒரு ஊரு, நாலு பசங்க. மேனேஜர் யாருன்னா பாடகர் ஷான் ஹாரிசோட அம்மாவும் இன்னொருத்தரும். கம்பெனி எதுவும் சரிப்பட்டு வரல, சரி நாமளே போடுவோம்னு வூஸ்டர்ல ஒரு ஸ்டுடியோல ஏழு நாள்ல ஏழு பாட்டை முடிச்சு, ஆயிரம் காப்பி அடிச்சாங்க. அட்டை வெறும் வெள்ளை. பேர் இல்ல, படம் இல்ல, பாட்டு லிஸ்ட் இல்ல, ஒவ்வொரு காப்பிலயும் பேண்ட்ல யாராவது ஒருத்தர் கையெழுத்து மட்டும். சவுண்ட்ஸ்ல விளம்பரம் கொடுத்து தபால்ல வித்தாங்க.

இந்த ஏழு பாட்டுல நாலை மெட்டாலிக்கா பின்னாடி கவர் பண்ணாங்க: 'ஆம் ஐ ஈவில்?', 'ஹெல்ப்லெஸ்', 'தி பிரின்ஸ்', 'இட்ஸ் எலக்ட்ரிக்'. மெட்டாலிக்கா டிரம்மர் லார்ஸ் உல்ரிச்சுக்கு 1981-ல பதினேழு வயசு, கலிஃபோர்னியால இருந்து பிளேன் ஏறி இந்த பேண்டைப் பாக்கவே லண்டன் வந்து, நிகழ்ச்சி முடிஞ்சு, தங்க இடம் இல்லாம கிட்டாரிஸ்ட் பிரையன் டாட்லர் வீட்டுலயே போய் தங்கிட்டாரு. அந்த வருஷக் கடைசியிலயே மெட்டாலிக்கா ஆரம்பிச்சாச்சு. உல்ரிச் 1990-ல ஜெஃப் பார்ட்டனோட சேந்து இந்த அலைக்கே ஒரு தொகுப்பு போட்டாரு, வாங்கின கடனை அடைச்ச மாதிரி.

கேக்குற முறை சொல்றேன். 'ஆம் ஐ ஈவில்?' எடுங்க. முதல்ல டிரம்ஸும் கிட்டாரும் சேந்து ராணுவ அணிவகுப்பு மாதிரி டண் டண்னு வரும், ஹோல்ஸ்ட்ங்கிற இசையமைப்பாளரோட செவ்வாய் கிரக இசை கேட்டவங்களுக்கு எங்கயோ கேட்ட மாதிரி இருக்கும். அப்புறம் டாட்லர் தனியா ஒரு வேகமான சோலோ போடுவாரு. அதுக்கப்புறம் தான் அந்த ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் மெட்டு. மெதுவா, கனமா, மூணு நாலு சுரம் தான், ஒருத்தன் படியில நிதானமா இறங்கி வர்ற மாதிரி. பாட்டு பாதி தாண்டினதும் திடீர்னு ரெண்டு மடங்கு வேகம். கவனிங்க, மெட்டாலிக்கா வெர்ஷன்ல எல்லாம் இறுக்கமா கோபமா இருக்கும், இங்க ஷான் ஹாரிஸ் குரல்ல லெட் செப்லின் பாடகர் ராபர்ட் பிளாண்ட் மாதிரி ஒரு நெளிவு இருக்கும், பயமுறுத்த வந்தவன் நடுவுல கொஞ்சம் ஆடிட்டுப் போற மாதிரி. அந்த நெளிவு தான் எனக்கு பிடிச்சது.

இப்போ ஒரு சின்ன பரிசோதனை. 1982-ல இவங்களுக்கு பெரிய கம்பெனி கிடைச்சு 'பாரோட் டைம்' ஆல்பம் வந்துச்சு, அதுல இதே பாட்டைத் திரும்ப ரெக்கார்ட் பண்ணாங்க. ரெண்டையும் அடுத்தடுத்து போடுங்க. ரெண்டாவது சுத்தமா இருக்கும், அழகா இருக்கும், கிட்டாருக்கு மெருகு ஏறியிருக்கும். ஆனா உப்பு கம்மி. பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்லுவாங்களே, நான் மேல சொன்ன அவசர விஷயத்துக்கு இந்த ஒரு பாட்டு போதும்.

ஸ்டெப் 4: ஏஞ்சல் விட்ச், 'ஏஞ்சல் விட்ச்' (1980)

மூணே பேர். கெவின் ஹேபோர்ன் கிட்டாரும் வாசிச்சு பாடவும் பாடுவாரு. அட்டையில ஜான் மார்ட்டின் பேரால சொல்லப்படுற பழைய ஓவியம், நரகத்துல தேவதைகள் விழுந்து கிடக்குற மாதிரி. பாட்டும் அதுக்கேத்த மாதிரி சூனியம், மாயம், அட்லாண்டிஸ். குரல் மெல்லிசா இருக்கேன்னு முதல் தடவை தோணும், எனக்கும் தோணுச்சு, "பேய் பத்திப் பாடுறவன் ஏன் இப்படி சோகமா பாடுறான்". மூணாவது தடவை கேக்குறப்போ தான் புரியும், அந்த சோகம் தான் சரக்கே. முதல் பாட்டோட கோரஸ் ஒரு தடவை ஏறிடுச்சுன்னா ரெண்டு நாள் இறங்காது. 'சோர்சரர்ஸ்', 'ஏஞ்சல் ஆஃப் டெத்' ரெண்டும் ஆல்பத்துக்குத் தனி இருட்டு கொடுக்கும். இந்த அலையில ஒரே ஒரு ஆல்பம் தான் கூட எடுத்துட்டுப் போகலாம்னு யாராவது சொன்னா, மெய்டனையும் டயமண்ட் ஹெட்டையும் விட்டுட்டு நான் இதைத் தான் எடுப்பேன், சண்டைக்கு வர்றவங்க வரலாம்.

ஸ்டெப் 5: வடகிழக்கு, நீட் ரெக்கார்ட்ஸ்

நியூகாசில் பக்கத்துல வால்சென்ட்னு ஊரு, கப்பல் கட்டுற இடம். அங்க இம்பல்ஸ்னு ஒரு ஸ்டுடியோ, அதோட லேபிள் தான் நீட். பக்கத்து ஊர்ப் பசங்க எல்லாம் இங்க தான் வந்து பதிவு பண்ணாங்க. இங்க சத்தம் ஒரு படி முரடு.

ரேவன் முதல்ல. 'ராக் அண்டில் யூ டிராப்' (1981). கல்லகர் அண்ணன் தம்பியும் ஒரு டிரம்மரும், அவ்வளவு தான். டிரம்மர் ஹெல்மெட் போட்டுட்டு வாசிப்பாரு. பாடகர் நடுவுல நடுவுல கத்துற கத்தலுக்கு நாய் குரைக்கும், நெஜமாவே எங்க தெரு நாய் குரைச்சுது. 1983-ல மெட்டாலிக்கா அமெரிக்கா முழுக்க சுத்தினப்போ மெயின் பேண்ட் ரேவன், மெட்டாலிக்கா தான் முன்னாடி வாசிச்ச பேண்ட். இன்னைக்கு நம்பவே மாட்டாங்க.

அப்புறம் வெனம், 'வெல்கம் டு ஹெல்' (1981). இதைப் பத்தி நேர்மையா சொல்லிடறேன்: வாசிப்பு சுமார், சவுண்டு மோசம், தகரக் கொட்டாய்க்குள்ள கல்லை உருட்டின மாதிரி இருக்கும். மூணு நாள்ல முடிச்சது. ஆனா பின்னாடி வந்த திராஷ், டெத், பிளாக் மெட்டல்னு வேகமான, முரட்டு மெட்டல் வகை எல்லாத்துக்கும் இங்க இருந்து ஒரு கயிறு போகுது, அவங்க அடுத்த ஆல்பத்தோட பேரே 'பிளாக் மெட்டல்' (1982), அந்தப் பேர் தான் ஒரு இசை வகைக்கே பேராச்சு. ஒரு தடவை கேளுங்க, பிடிக்கலைன்னா குத்த உணர்ச்சி வேண்டாம்.

டைகர்ஸ் ஆஃப் பான் டாங், 'ஸ்பெல்பவுண்ட்' (1981). இவங்களும் இந்தப் பக்கம் தான், விட்லி பே. பெரிய கம்பெனிக்குப் போயிட்டாங்க. ஜான் சைக்ஸ் கிட்டாருக்காகக் கேக்கலாம், பின்னாடி தின் லிஸ்ஸி, வைட்ஸ்நேக் போன அதே ஆள்.

ஸ்டெப் 6: கேர்ள்ஸ்கூல், 'ஹிட் அண்ட் ரன்' (1981)

நாலு பொண்ணுங்க, தெற்கு லண்டன். "பொண்ணுங்க பேண்ட்"னு ஓரமா ஒரு பெட்டியில போட்டு வெச்சிடறாங்க, எரிச்சலா வரும். இந்த ஆல்பம் சார்ட்ல அஞ்சாவது இடம், 'வீல்ஸ் ஆஃப் ஸ்டீல்' எந்த இடமோ அதே இடம். மோட்டார்ஹெட் கூட சேந்து போட்ட இ.பியும் (சின்ன ரெக்கார்டு) அதே வருஷம் அதே அஞ்சு. கிட்டாரிஸ்ட் கெல்லி ஜான்சன் சோலோக்கள் குட்டி குட்டியா, தேவைக்கு மேல ஒரு சுரம் இருக்காது. பங்க் ரசிகருக்கு இந்த அலையைக் காட்டணும்னா இதைப் போடுங்க.

இந்த இடத்துல ஒரு கேள்வி வரும், "ஜூடாஸ் பிரீஸ்ட், மோட்டார்ஹெட் எல்லாம் எங்கப்பா?". அவங்க சீனியர்ஸ், எழுபதுகள்லயே ஆல்பம் போட்டவங்க. 'பிரிட்டிஷ் ஸ்டீல்', 'ஏஸ் ஆஃப் ஸ்பேட்ஸ்' ரெண்டும் 1980 தான், கண்டிப்பா கேக்க வேண்டியது, ஆனா இந்தப் பசங்களுக்கு அவங்க அண்ணனுங்க. டெஃப் லெப்பர்ட் ஷெஃபீல்ட்ல இருந்து இந்த அலையில தான் கிளம்பினாங்க, 'ஹை அன்ட் டிரை' (1981) சூப்பர், அதோட வேற ரூட்டுக்குப் போயிட்டாங்க.

ஸ்டெப் 7: தேடிப் போய் கேக்க வேண்டியவை

இது வரைக்கும் வந்துட்டீங்கன்னா காது பழகியிருக்கும். இப்போ சேட்டன், 'கோர்ட் இன் தி ஆக்ட்' (1983). பேரைப் பாத்து பயப்படாதீங்க, சாத்தான் வழிபாடு ஒண்ணும் இல்ல, பேர் தான் அவங்களுக்கே தலைவலியாச்சு, நடுவுல மாத்தியும் பாத்தாங்க. ரஸ் டிப்பின்ஸ், ஸ்டீவ் ராம்சே ரெண்டு கிட்டாரும் ஒண்ணை ஒண்ணு துரத்திட்டே போகும், 'ட்ரையல் பை ஃபயர்' போட்டுப் பாருங்க, இது 1983-ன்னு நம்ப முடியாது, திராஷ் வாசல்ல வந்து நிக்குது. அலை ஓய ஆரம்பிச்ச நேரத்துல வந்ததால அப்போ பெருசா கவனிக்கப்படல. அதே அஞ்சு பேரும் திரும்ப சேந்து 2013-ல 'லைஃப் சென்டன்ஸ்' போட்டாங்க. முப்பது வருஷம் கழிச்சு திரும்ப வந்தா பொதுவா ஏமாத்தம் தான் மிஞ்சும், இது அப்படி இல்ல.

ஹோலோகாஸ்ட், எடின்பரோ ஸ்கூல் வயசுப் பசங்க மாதிரி சத்தம், 'தி நைட்கம்மர்ஸ்' (1981). 'ஹெவி மெட்டல் மேனியா' பாட்டு அறிவுக்கு எதுவும் சொல்லாது, காலுக்கு சொல்லும். அவங்களோட லைவ் ரெக்கார்டுக்குப் பேர் என்ன தெரியுமா, 'ஹாட் கறி அண்ட் வைன்'. மெட்டாலிக்கா 1987-ல எடுத்த 'தி ஸ்மால் அவர்ஸ்' அதுல இருந்து தான்.

மெதுவான கனமான சத்தம் பிடிச்சவங்களுக்கு விட்ச்ஃபைண்டர் ஜெனரல், 'டெத் பெனால்டி' (1982), டயமண்ட் ஹெட் ஊர்க்காரங்க தான், ஆனா முழுக்க பிளாக் சபாத் வழி. அட்டைப் படத்தை ஆபீஸ்ல ஓபன் பண்ணாதீங்க, சொல்லிட்டேன். பிரேயிங் மாண்டிஸ் 'டைம் டெல்ஸ் நோ லைஸ்' (1981) இதுக்கு நேர் எதிர், தேன் மாதிரி மெலடி. டேங்க் 'ஃபில்த் ஹவுண்ட்ஸ் ஆஃப் ஹேடிஸ்' (1982), மோட்டார்ஹெட் பிடிச்சா இதுவும் பிடிக்கும், புரொட்யூசரே மோட்டார்ஹெட் எட்டி கிளார்க்.

ஸ்டெப் 8: சிங்கிள்ஸ், டெமோ

ஆல்பமே போட முடியாம ரெண்டு பாட்டு சிங்கிள் ஒண்ணு வெளியிட்டுக் காணாம போன பேண்டுகள் தான் இந்த அலையில எண்ணிக்கையில ஜாஸ்தி. பிளிட்ஸ்கிரீக்கோட 'பிளிட்ஸ்கிரீக்' 1981-ல நீட் சிங்கிளோட பின்பக்கத்துல வந்தது, பாடுறது சேட்டன்ல பாடின அதே பிரையன் ராஸ். பெல்ஃபாஸ்ட் ஸ்வீட் சேவேஜோட 'கில்லிங் டைம்', அதுவும் 1981 சிங்கிள். தொகுப்பா வேணும்னா 1980-ல வந்த 'மெட்டல் ஃபார் முத்தாஸ்' இருக்கு, தரம் ஏத்த இறக்கமா இருக்கும், உல்ரிச் தொகுப்பு அதை விட நல்ல தேர்வு.

கடைசியா மெய்டனோட 'தி சவுண்ட்ஹவுஸ் டேப்ஸ்'. 1978 டிசம்பர் 30, 31, ஊரே புது வருஷத்துக்குத் தயாராகுறப்போ கேம்பிரிட்ஜ்ல ஒரு ஸ்டுடியோல நாலு பாட்டு எடுத்தாங்க. மாஸ்டர் டேப் வாங்க காசு இல்ல, காசு தேத்திட்டு ரெண்டு வாரம் கழிச்சுப் போனா ஸ்டுடியோக்காரங்க அதை அழிச்சிட்டாங்க. கையில இருந்த காப்பியை வெச்சுத் தான் நீல் கே கிட்ட கொடுத்தது, அதுல மூணு பாட்டைத் தான் 1979 நவம்பர்ல அஞ்சாயிரம் காப்பி அடிச்சாங்க. அதுல 'பிரவ்லர்' இருக்கு, முதல் ஆல்பத்தோட முதல் பாட்டும் 'பிரவ்லர்' தான். டெமோல வேகம் கொஞ்சம் கம்மியா இருக்கும், கிட்டார் ஒண்ணு ரெண்டு இடத்துல தடுமாறும். ஸ்டெப் 1-ல கேட்டதையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரு தடவை ஓட்டிப் பாருங்க, ஹெட்ஃபோன்ல.